பனிமலைப் பயணத்துக்கு வாங்கிய சாமான்கள்: எது உழைத்தது, எது டிக்கியில் தூங்கியது

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். குளிர்காலத்தில் பனி மூடிய மலைகள் வழியாகப் பல நாள் காரோட்டிப் போகப் போகிறீர்கள் என்றால் காசை முதலில் நாலு நல்ல வின்டர் டயரில் போடுங்கள், அடுத்து சக்கரத்தில் மாட்டும் பனிச் செயின் ஒரு ஜோடி, அடுத்து பனி அள்ள ஒரு உருப்படியான ஷவல். மற்றதெல்லாம் இந்த மூன்றுக்கும் பிறகுதான். நெட்டில் 'வின்டர் எமர்ஜென்சி கிட்' என்று ஒரே பையில் ஏகப்பட்டதைத் திணித்து விற்கிறார்களே, அதைத் தொடாதீர்கள். பாதி விளையாட்டுச் சாமான், மீதி ஏற்கெனவே உங்கள் வீட்டிலேயே கிடக்கும்.

நான் எந்த மலைக்குப் போனேன் என்பது இங்கே முக்கியமில்லை, பனியும் ஐஸும் எல்லா மலையிலும் ஒரே மாதிரிதான் வழுக்கும். எல்லாச் சாமானையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன்: இருட்டு, மைனஸ் பத்து டிகிரி, முகத்தில் அடிக்கிற காற்று, கையில் தடிமனான கிளவுஸ், பின்னால் ஒரு லாரிக்காரர் பொறுமை இழந்து நிற்கிறார். அந்த நேரத்தில் இது வேலை செய்யுமா? வீட்டு ஹாலில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும்போது எல்லாமே அருமையாகத்தான் இருக்கும்.

டயரிலிருந்து தொடங்குவோம். சாதாரண கோடைக்கால டயரின் ரப்பர், வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கும். பனி பெய்ய வேண்டும் என்று கூட இல்லை, காய்ந்த ரோட்டிலேயே பிடிமானம் குறையும். வின்டர் டயரின் ரப்பர் கலவை வேறு, குளிரிலும் மெத்தென்றே இருக்கும், மேல்பரப்பில் பிளேடால் கீறியது போல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும், அவைதான் பனியைக் கவ்வும். வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் இருக்கும் குறியைத் தேடுங்கள். வெறும் 'எம் பிளஸ் எஸ்' (M+S, மட் அண்ட் ஸ்னோ, அதாவது சேறும் பனியும்) என்று மட்டும் எழுதியிருந்தால் அது கம்பெனிக்காரர் தானே போட்டுக்கொள்ளும் முத்திரை, அதற்குப் பனியில் எந்தச் சோதனையும் கிடையாது. மலைக் குறிக்குச் சோதனை உண்டு. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் 2024 முதல் வெறும் எம் பிளஸ் எஸ் டயரை வின்டர் டயராகவே ஏற்பதில்லை. ஆனால் இந்த மலைக் குறியும் பனிக்குத்தான், ஐஸுக்கு அல்ல. ஐரோப்பாவில் 2021 மே மாதம் முதல் வந்த டயர் லேபிளில் ஐஸ் பிடிமானத்துக்குத் தனியாக ஒரு படம் இருக்கிறது, அதுவும் இருந்தால் இன்னும் நல்லது.

நான் வாங்கிய டயர்கள் பெரிய பிராண்டின் மிக உயர்ந்த மாடல் இல்லை, நடுத்தரம்தான். அதற்கே வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஏற்றத்தில் நின்று கிளம்புவதில் அவ்வளவாகத் தெரியாது, பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும். குறை என்று சொன்னால், காய்ந்த நெடுஞ்சாலையில் கொஞ்சம் இரைச்சல், வேகமான வளைவில் கொஞ்சம் தளர்ச்சி. பொறுத்துக்கொள்ளலாம். பழைய வின்டர் டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, டயரின் வரிப் பள்ளங்களின் ஆழம்: பல நாடுகளில் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் போதும், ஆனால் பனிக்கு 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது பேருக்குத்தான் வின்டர் டயர். ஆஸ்திரியாவில் சட்டமே 4 கேட்கிறது. இரண்டு, வயது: பக்கச்சுவரில் இருக்கும் நாலு இலக்க எண், 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. இன்னொன்று, சிக்கனம் என்று முன்னால் இரண்டு மட்டும் மாற்றச் சொல்லும் மேதாவிகள் எல்லா ஊரிலும் உண்டு. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் பிடிக்கும், பின்சக்கரம் பிடிக்காது, பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு போகப் பார்க்கும். நாலும் மாற்றுங்கள், இல்லை என்றால் கிளம்பாதீர்கள்.

'எங்களுடையது ஃபோர் வீல் டிரைவ், எங்களுக்கு இதெல்லாம் வேண்டாம்' என்பவர்களுக்கு ஒரு வரி: ஃபோர் வீல் டிரைவ் கிளம்ப உதவும், நிற்க உதவாது. எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது, அதில் உங்களுக்கு எந்த விசேஷமும் இல்லை.

இனி செயின். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் வாங்கியதில் அதிகம் யோசிக்க வைத்ததும் அதிகம் திட்ட வைத்ததும் இதுதான்.

கடையில் மூன்று வகை கிடைக்கும். பழைய ஏணி வடிவச் செயின், குறுக்கே மட்டும் கம்பிகள் போகும், மலிவு, நேராக முன்னால் இழுக்கும், பக்கவாட்டு வழுக்கலுக்கு அவ்வளவாகத் தாங்காது. வைர வடிவச் செயின், டயர் முழுக்க வலைபோலப் படியும், பக்கவாட்டிலும் பிடிக்கும், நான் வாங்கியது இது. மூன்றாவது, துணியில் செய்த உறை, டயருக்கு சாக்ஸ் போடுவது போல, அதற்குப் பின்னால் வருகிறேன்.

வைர வடிவச் செயினிலும் இரண்டு ரகம். ஒன்றை மாட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். இன்னொன்று ஓடும்போது தானே இறுக்கிக்கொள்ளும், விலை நன்றாகவே கூடும். நான் முதலில் சாதாரண ரகத்தைத்தான் ஆர்டர் செய்தேன். வீட்டு வாசலில் பயிற்சிக்கு மாட்டிப் பார்த்தபோது கூட நின்ற என் மனைவி, "இங்க பாருங்க, ஒரு தடவை மாட்டுறதுக்கே இந்தப் பாடு, நடு ரோட்டுல பனி கொட்டும்போது ரெண்டாவது தடவை இறங்குவீங்களா?" என்றார். நியாயமான கேள்வி. திருப்பிக் கொடுத்துவிட்டுத் தானே இறுகும் ரகத்தை வாங்கினோம். கூடுதலாகக் கொடுத்த காசு முதல் கணவாயிலேயே வசூலாகிவிட்டது.

மாட்டும் முறை சொல்லிவிடுகிறேன், பெட்டியில் இருக்கும் படங்களைப் பார்த்தால் யாருக்கும் விளங்காது. வளையும் கேபிள் வளையத்தைத் தரையோடு ஒட்டி டயருக்குப் பின்னால் தள்ள வேண்டும், இரண்டு முனையையும் மேலே தூக்கிச் சேர்க்க வேண்டும், அதற்கப்புறம் வெளிப்பக்கக் கொக்கி, கடைசியில் இறுக்கும் செயினை இழுத்துப் பூட்டில் விட வேண்டும். ஜாக்கி வேண்டாம், காரை நகர்த்த வேண்டாம். முனைகளில் வண்ணக் குறி இருக்கிறது, அது பெரிய உதவி. ஆனால் நீலத்தையும் கறுப்பையும் ஹெட் டார்ச் வெளிச்சத்தில் பிரித்தறிவது கஷ்டம், இதை வடிவமைத்தவர் ராத்திரியில் மாட்டிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். முனைகளில் நானே பளீர் மஞ்சள் டேப் சுற்றினேன். சேர்க்கும் கொக்கி சிறியது, தடிமனான கிளவுஸோடு பிடிக்க முடியாது. இதற்கு உள்ளங்கையில் ரப்பர் பூசிய மெல்லிய வேலை கிளவுஸ் ஒரு ஜோடி தனியாக வேண்டும், அது நனைந்துவிடும் என்பதால் இன்னொரு ஜோடியும். முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்ள ஒரு பழைய கார் மேட் எடுத்துப் போங்கள். என் மச்சான் மேட் இல்லாமல் மண்டியிட்டுவிட்டு மிச்ச ராத்திரி முழுக்க நனைந்த பேண்டோடு உட்கார்ந்து வந்தான், அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

செயின் வாங்கும்போது கார் மாடலை வைத்து வாங்காதீர்கள், டயர் அளவை வைத்து வாங்குங்கள். 205/55 ஆர்16 என்று டயரிலேயே எழுதியிருக்கும், பெட்டியின் பட்டியலில் அந்த எண் அப்படியே இருக்க வேண்டும். 'கிட்டத்தட்ட' எல்லாம் கிடையாது, தளர்வாக இருந்தால் சக்கர வளைவுக்குள் அடித்து பிரேக் குழாயையே அறுத்துவிடும். அதற்கும் முன்னால் காரின் மேனுவலைத் திறந்து பாருங்கள். பெரிய அலாய் வீல், பட்டையான டயர் போட்ட கார்கள் பலவற்றில் உள்ளே இடமே இல்லை, சில அளவுகளுக்குச் செயின் கூடாது என்று கம்பெனியே எழுதியிருக்கும். மெல்லிய கண்ணிகள் கொண்ட, இடம் குறைந்த கார்களுக்கான செயின் தனியாகக் கிடைக்கிறது, நான் வாங்கியதும் அதுதான். ஐரோப்பாவில் வாங்குபவர்கள் பெட்டியில் இஎன் 16662-1 என்ற தரக் குறியைப் பாருங்கள், துணி உறைக்கும் அதுதான் தரம்.

எந்தச் சக்கரத்தில்? இயங்கும் சக்கரத்தில். முன்சக்கர டிரைவ் என்றால் முன்னால், பின்சக்கர டிரைவ் என்றால் பின்னால், ஃபோர் வீல் என்றால் மேனுவல் சொல்வதைக் கேளுங்கள். ஸ்டெப்னியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. முன்சக்கர டிரைவ் காரில் முன் டயர் பஞ்சரானால் அந்த ஒல்லி ஸ்டெப்னியை முன்னால் போட்டு அதில் செயின் மாட்ட முடியாது. பின் டயரைக் கழற்றி முன்னால் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் போட வேண்டும். பனியில் இரண்டு சக்கரம் கழற்றும் வேலை. படிக்கும்போதே முதுகு வலிக்கிறது அல்லவா, அதனால்தான் சொல்கிறேன்.

ஓட்டும்போது: 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, நடைமுறையில் 30, 40தான் வசதி. சத்தம் காதைக் கிழிக்கும். பனி இல்லாத வெறும் தார் ரோடு வந்தவுடன் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் செயினும் தேயும், டயரும் போகும், அறுந்தால் காரின் பக்கமும் போகும். மலை ரோட்டில் இது பெரிய தொல்லை. வெயில் படும் பக்கம் காய்ந்து கிடக்கும், ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பினால் நிழல் பக்கம் முழுக்கப் பனி. எங்கே மாட்டுவது, எங்கே கழற்றுவது என்று யோசித்தே பாதி நேரம் போகும். செயின் மாட்டுவதற்கென்று ஓரத்தில் அகலமான இடம் விட்டிருக்கிறார்கள் பல கணவாய்களில், அங்கேயே மாட்டுங்கள். ஏற்றத்தின் நடுவில் சிக்கிய பிறகு மாட்ட நினைத்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. ஆல்ப்ஸ் நாடுகளில் நீல வட்டத்துக்குள் செயின் போட்ட டயர் படம் இருந்தால் அங்கிருந்து செயின் கட்டாயம். கலிபோர்னியாவில் மூன்று படிநிலை வைத்திருக்கிறார்கள், மூன்றாவது வந்துவிட்டால் ஃபோர் வீல் டிரைவ், வின்டர் டயர் எதுவும் செல்லாது, எல்லாருக்கும் செயின். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச்சூழலில் வின்டர் டயர் கட்டாயம். பிரான்ஸின் மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை வின்டர் டயராவது செயினாவது இருக்க வேண்டும். நீங்கள் போகும் பாதையில் நாடு மாறினால் விதியும் மாறும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

துணி உறைக்கு வருவோம். நார்வேயில் கண்டுபிடித்த சமாச்சாரம் இது. எடை இல்லை, சீட்டுக்கு அடியில் வைக்கலாம், மாட்டுவது செயினோடு ஒப்பிட்டால் விளையாட்டு. மேல்பாதியை மாட்டி, காரை அரைச் சுற்று நகர்த்தி மீதியை இழுத்துவிட்டால் போதும், கோணலாக மாட்டினாலும் ஓட ஓட அதுவே நடுவுக்கு வந்துவிடும். உள்ளே இடமில்லாத கார்களுக்கு பெரும்பாலும் இதுதான் வழி. புதுப் பனியில் பிடிமானம் ஆச்சரியமாக நன்றாக இருந்தது. ஆனால் தார் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடினாலும் துணி கிழியத் தொடங்கும், நனைந்து உறைந்துவிட்டால் விறைத்த கோணியை மடிப்பது போல. ஒரு கணவாய், ஒரு ராத்திரி என்றால் தாராளமாக வாங்கலாம். நாள்கணக்கில் மலை மலையாகப் போகிறவர்களுக்கு இது மட்டும் போதாது. நான் இரண்டையும் வைத்திருந்தேன், அவசரத்துக்கு உறை, நீண்ட ஏற்றத்துக்குச் செயின். இது கொஞ்சம் ஆடம்பரம்தான், ஒப்புக்கொள்கிறேன். உறையை ஏற்காத இடங்களும் உண்டு, அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 'வின்டர் டயர் இருக்கும்' என்று போனில் சொன்னால் நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள், சாவி வாங்கும் முன் பக்கச்சுவரைக் குனிந்து பாருங்கள். வேறொரு பயணத்தில் நாங்கள் எடுத்த இடத்தில் (பேர் வேண்டாம்) எல்லா சீசனுக்குமான டயரைக் காட்டி இதுதான் வின்டர் டயர் என்றார்கள். மலைக் குறி எங்கே என்று கேட்டதும் வேறு கார் வந்தது. செயின் மாட்டுவதையே ஒப்பந்தத்தில் தடை செய்யும் நிறுவனங்களும் இருக்கின்றன, மாட்டினால் சேதத்துக்கு நீங்கள் பொறுப்பு. செயின் கட்டாயமான ரோட்டில் செயின் கூடாத கார், என்ன செய்வீர்கள்? முதலிலேயே கேளுங்கள்.

ஷவல். பிளாஸ்டிக் வேண்டாம், ரோட்டைச் சுத்தம் செய்யும் வண்டி ஒதுக்கித் தள்ளிய பனி ராத்திரியில் உறைந்து கல்லாகிவிடும், பிளாஸ்டிக் அதில் உடையும். அலுமினியத் தட்டும் இரண்டாகப் பிரியும் கைப்பிடியும் உள்ளதை வாங்கினேன், ஒரு குறையும் இல்லை. பயணம் முழுக்கத் தினமும் பயன்பட்ட சாமான் இது ஒன்றுதான்.

சக்கரத்துக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் பலகைகள் பார்க்க ஜோராக இருக்கும், வீடியோக்களில் எல்லாரும் கூரை மேல் கட்டிக்கொண்டு போகிறார்கள். எனக்கு ஒரே ஒருமுறைதான் பயன்பட்டது, அதுவும் ஷவலால் தோண்டியிருந்தாலே வெளியே வந்திருக்கும். மடக்கும் சின்ன வகை வாங்கியிருந்தேன், ஐஸின் மேல் அதுவே பின்னால் பறந்தது. ஒரு பை மணல் போதும்.

பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் ஜம்ப் ஸ்டார்ட்டர் நல்ல சாமான். கார் பேட்டரி குளிரில் எவ்வளவு சோர்ந்துவிடும் என்பதற்கு அமெரிக்க மோட்டார் சங்கமான டிரிபிள் ஏ சொல்லும் கணக்கு: 0 டிகிரி செல்சியஸில் சுமார் 35 சதவீத பலம் போய்விடும், மைனஸ் 18இல் 60 சதவீதம் போகும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாவதால் சுற்ற அதிக பலம் வேண்டும். ஆனால் இந்த ஜம்ப் ஸ்டார்ட்டரும் லித்தியம்தான், அதற்கும் குளிர் ஆகாது. டிக்கியிலேயே போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் அதற்கே ஒரு ஜம்ப் ஸ்டார்ட் தேவைப்படும். ராத்திரி அறைக்குள் எடுத்துப் போங்கள், உறைநிலையில் இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி பழசாக இருந்தால் கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் லோடு டெஸ்ட் பார்த்து மாற்றிவிடுவதே மலிவு.

காற்றடிக்கும் சின்ன பம்ப்பும் வாங்கினேன், தேவையா என்று சந்தேகத்தோடுதான். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரில் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரியில் சமவெளியில் சரியாக அடித்துவிட்டு மைனஸ் பத்துக்கு ஏறினால் ஐந்து பிஎஸ்ஐ காணாமல் போயிருக்கும், ஓட்டை எதுவும் இல்லாமலே. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்ததும் பஞ்சர் என்று பதறாமல் காலையில் குளிர்ந்த டயரில் அளந்து அடித்தேன். வாங்கலாம்.

கண்ணாடி கழுவும் தண்ணீர் அற்ப விஷயம் மாதிரி தெரியும். முன்னால் போகும் லாரி தெறிக்கும் உப்புச் சேறு கண்ணாடியில் படிந்தால் வைப்பர் அதை இழுகிப் பூசிவிடும், வெயில் எதிரே இருந்தால் ஒன்றுமே தெரியாது. சாதாரண நீர் குழாயிலேயே உறையும். மைனஸ் 20க்கு என்று எழுதியதை வாங்கினாலும் ஓடும் காரின் காற்றில் அதில் கலந்திருக்கும் ஸ்பிரிட் ஆவியாகி இன்னும் குளிரும் என்பதால் கண்ணாடியிலேயே உறைய வாய்ப்பு உண்டு, அதனால் இன்னும் கீழே தாங்குவதாக எடுங்கள், டிக்கியில் ஒரு கேன் எக்ஸ்ட்ரா வையுங்கள், நினைப்பதைவிட வேகமாகத் தீரும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டில் எத்திலீன் கிளைகால் பாதி தண்ணீர் பாதி என்றால் மைனஸ் 37 வரை தாங்கும், தண்ணீர் ஊற்றி ஊற்றி நீர்த்துப் போயிருந்தால் தாங்காது.

பூட்டில் உறைந்த ஐஸை உருக்கும் ஸ்ப்ரே வாங்கினேன். அதைக் காருக்குள் டேஷ்போர்டு பெட்டியில் வைக்கச் சொல்லி லேபிளில் போட்டிருக்கிறது. கதவு திறக்காதபோதுதானே அது வேண்டும்! சட்டைப் பையில் வையுங்கள். அதைவிட, கதவு ரப்பரில் சிலிக்கான் தடவிவிட்டால் ஒட்டவே ஒட்டாது.

டீசல் கார்க்காரர்கள் சமவெளி பங்கில் டேங்க் நிரப்பிக்கொண்டு மலையேறாதீர்கள், அது குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். மலையடிவாரத்தில் விற்பது பெரும்பாலும் குளிர்கால டீசல், அங்கே நிரப்புங்கள். மின்சாரக் காருக்கு, டிரிபிள் ஏ 2019இல் வெளியிட்ட சோதனையில் மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போட்டு ஓட்டியபோது தூரம் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. இப்போதைய மாடல்கள் தேறியிருக்கின்றன, ஆனாலும் ஆப் காட்டும் தூரத்தை நம்பிக் கணவாய் ஏறாதீர்கள்.

அப்புறம் மேப் ஆப். இதையும் ஒரு சாமானாகத்தான் பார்க்கிறேன், இலவசம் என்றாலும். பயண நேரம் சொல்வதில் குளிர்கால மலையில் பிரயோஜனம் இல்லை, அது காட்டும் மூன்று மணி நேரத்தை ஐந்தாக எடுத்துக்கொண்டுதான் திட்டம் போட்டோம். குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் கணவாய்கள் நிறைய, இத்தாலியின் ஸ்டெல்வியோ (2757 மீட்டர்), கலிபோர்னியாவின் டியோகா (3031 மீட்டர்) எல்லாம் குளிர்காலத்தில் திறக்காது. ஆப் சில சமயம் குறுக்குவழி என்று யாரும் பனி அள்ளாத கிராமத்து ரோட்டைக் காட்டும், 'இரண்டு நிமிடம் மிச்சம்' என்று ஆசை வேறு காட்டும். ஒவ்வொரு நாளும் காலையில் அந்தப் பகுதியின் ரோட்டுத் துறை தளத்தைத் திறந்து பார்ப்பதுதான் நம்பகமானது. திறந்திருக்கும் ரோடும் நிற்கும்: கனடாவின் ரோஜர்ஸ் கணவாயில் பனிச்சரிவைத் தாங்களே முன்கூட்டி இறக்க ராணுவம் பீரங்கியால் சுடும், அதுவரை நெடுஞ்சாலை மூடியிருக்கும். நார்வேயில் புயல் நாட்களில் பனியை ஒதுக்கிக்கொண்டு போகும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் கார்களை விடுவார்கள், அந்த வரிசைக்காகக் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் அன்றன்றைய திட்டத்தில் சேர்க்காவிட்டால் ராத்திரியில் ஓட்டித்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும், அதுதான் ஆபத்து.

திட்டம் போடும்போது நான் வைத்துக்கொண்ட கணக்கு: ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்தில் 4 டிகிரியில் மழை என்றால் ஆயிரம் மீட்டர் மேலே அது பனி. ரோட்டில் போடும் உப்பு சுமார் மைனஸ் 9, 10க்குக் கீழே சரியாக வேலை செய்யாது. ஆனால் ஐஸ் மிக அதிகமாக வழுக்குவது கடுங்குளிரில் இல்லை, 0 டிகிரிக்கு அருகில் மேலே மெல்லிய நீர் படிந்திருக்கும்போதுதான். அதனால் வெயில் சாயும் மாலை நேரம், பாலம், நிழல் வளைவு, இந்த மூன்றும் சேரும் இடத்துக்கு நாலு மணிக்குப் போய்ச் சேருவது போல் எந்த நாளையும் வைக்கவில்லை. டிசம்பர் கடைசியில் 46 டிகிரி வட அட்சரேகையில், அதாவது ஆல்ப்ஸ் பக்கம், பகல் சுமார் எட்டரை மணி நேரம்தான், பள்ளத்தாக்கில் சூரியன் அதற்கும் முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும்.

எல்இடி ஹெட்லைட் காருக்கு ஒரு விஷயம், பழைய பல்புகள் சூட்டில் பனியை உருக்கிவிடும், எல்இடி முகப்பு அவ்வளவு சூடாகாது, பனி அப்பிக்கொண்டு வெளிச்சம் மங்கும். நிறுத்தும் இடமெல்லாம் துடையுங்கள், பின்விளக்கையும் சேர்த்து. பகல் விளக்கு மட்டும் எரிந்தால் பல கார்களில் பின்னால் எதுவும் எரியாது, கையாலேயே ஹெட்லைட்டைப் போட்டுவிடுங்கள். முன்னால் ராடார் இருக்கும் இடத்தில் பனி படிந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியெல்லாம் லீவு எடுத்துக்கொள்ளும். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலை மறந்துவிடுங்கள்.

சிக்கிக்கொண்டால் என்று வாங்கிய சாமான்களில் பளபளக்கும் ஃபாயில் போர்வை வீண், சரசரவென்று சத்தம் போடும், காற்றுக்குக் கிழியும். அந்தக் காசுக்கு ஆளுக்கொரு நல்ல ஸ்லீப்பிங் பேக் பின் சீட்டிலேயே வையுங்கள், டிக்கியில் வைத்தால் புயலில் இறங்கி எடுக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி சின்னது ஒன்று வாங்கினேன், பேட்டரியில் ஓடும். ஒருமுறையும் கத்தவில்லை, ஆனாலும் இதைத்தான் முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். பனியில் புதைந்த காரில் எஞ்சினை ஓட விட்டால், சைலன்சர் குழாய் பனியில் அடைபட்டுப் புகையோடு கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் உள்ளே வரும், அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை. குழாயைச் சுற்றித் தோண்டிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சின், ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்து, இதுதான் முறை. டேங்க் பாதிக்குக் கீழே போகவே கூடாது. காரை விட்டு இறங்கி உதவி தேடி நடக்கக் கூடாது, தேடி வருபவர்களுக்குக் கார்தான் முதலில் தெரியும்.

குழந்தைகளைத் தடித்த பஃபர் ஜாக்கெட்டோடு கார் சீட்டில் கட்டாதீர்கள், பெல்ட்டுக்கும் உடம்புக்கும் இடையில் காற்றுதான் இருக்கும். ஜாக்கெட்டைக் கழற்றிக் கட்டிவிட்டு மேலே போர்த்திவிடுங்கள்.

ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ரப்பர் கட்டை கொடுத்து நிறுத்தினோம், கேபிள் பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால். அந்தக் கட்டைகள் சல்லிசு, கனமில்லை, வாங்கலாம்.

பயணம் முடிந்து வந்ததும் செயினைப் பையோடு மூலையில் போட்டால் அடுத்த சீசனுக்குத் துருப்பிடித்த கம்பிதான் கிடைக்கும், உப்பு விடாது. வெந்நீரில் அலசி, நிழலில் காயவைத்து, ஒவ்வொரு கண்ணியும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து மடித்தேன். எங்களுடையதில் குறுக்குக் கண்ணிகள் சில மெலிந்திருந்தன, தார் ரோட்டில் ஓட்டியதன் பலன். அதே கடையில் தனிக் கண்ணி விற்கிறார்களா என்று கேட்டேன், விற்கிறார்கள், ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்து மாட்டிப் பார்த்துவிட்டு அது எப்படி என்று எழுதுகிறேன். காரின் அடிப்பக்கத்தையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கொடுங்கள், அங்கேயும் அதே உப்புதான்.